நத்தார் விருந்து

ஈழத்துத் தமிழர் கிறிஸ்து பிறந்த நாளை ‘நத்தார்’ என்று வழங்குவர். தமிழ்நாட்டிலிருந்து வரும் அன்பர்களுக்கு இச்சொல் எளிதில் விளங்குவதில்லை. இலக்கணம் கற்கும் மாணவனுக்கோ இஃது ஒரு பொறி. ‘நத்துதல்’ என்றால் விரும்புதல். ஆகவே ‘நத்தார்’ என்றால் விரும்பாதவர், அதாவது பகைவர் என்று என் மாணவன் ஒருவன் பகுதி விகுதி பிரித்துப் பொருள் கூறினான். இலக்கண நெறிப்படி அவன் கூறியதிற் பிழையில்லை. ஆயினும் வகுப்பு முழுவதும் நகைத்தது, நானும் நகைத்தேன். ஒரு பெருநாளின் பெயருக்குப் பகைவர் என்று பொருள் வருமானால் அது வேடிக்கைதானே!

உண்மையில் இச்சொல் கடல் கடந்து வந்தது. போர்த்துக்கேய மொழியிலே பிறப்பு விழாவைக் குறிக்கும் ‘நத்தால்’ என்னும் சொல் நம்மவர் நாவில் ‘நத்தார்’ ஆயிற்று. மேசை, அலுமாரி, சாவி, கோப்பை, பாதிரி என்பனவும் அதே மொழியிலிருந்து வந்திறங்கியவையே. இவற்றுள் நத்தார் மட்டும், புலவர், முதலியார் என்பன போல மரியாதை விகுதி பூண்டாற்போல் நிற்கின்றது. வந்த சொல்லுக்கும் பாய் விரித்து உட்காரவைத்த மொழி நம்முடையது.

‘விருந்து’ என்ற சொல்லைப் பற்றியும் இங்கே ஒரு வார்த்தை கூறவேண்டும். விருந்து என்றதும் இன்று நமக்கு உணவே நினைவுக்கு வருகின்றது. பழந்தமிழில் அதன் பொருள் புதுமை. தொல்காப்பியர் செய்யுளியலிலே, புதுவதாகப் புனையப்படும் செய்யுளை விருந்து என்றே பெயரிட்டு வழங்குகிறார். புதிதாக வந்தவர் விருந்தினர் ஆனார். அவருக்கு இட்ட உணவு விருந்தாயிற்று. புதியவர் வந்து வாசலில் நின்றபோது ஊரார் என் செய்தனர் என்பதே ஓர் ஊரின் வரலாற்றிற் பெரும்பகுதி என்று நான் எண்ணுவதுண்டு. எங்கள் கரையின் நத்தார்க் கதையை இந்த ஒரு சொல்லைக் கைவிளக்காகக் கொண்டு சொல்ல விழைகிறேன்.

எங்கள் கரை என்றது மட்டக்களப்புக்குத் தெற்கே கல்முனையைச் சூழ்ந்து கிடக்கும் ஊர்களை. 1961ஆம் ஆண்டில் அம்பாறை தனி மாவட்டமாகும் வரையில் இவையெல்லாம் மட்டக்களப்பு மாவட்டத்தின் உறுப்புகளாகவே இருந்தன. கிழக்கே கடல், மேற்கே வயல், இரண்டுக்கும் நடுவே நெடுஞ்சாலை. அச்சாலையிலே தெற்கு நோக்கிச் சென்றால் மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று ஊர்கள் தொடர்ந்து வரும். முஸ்லிம்கள் வாழும் ஊரை அடுத்துத் தமிழர் வாழும் ஊர். அதனை அடுத்து மீண்டும் முஸ்லிம் ஊர். குழற்பிட்டிலே மாவும் தேங்காய்ப்பூவும் மாறிமாறி அமைவது போல என்று எங்கள் பகுதியார் உவமை கூறுவர். பாங்கொலியும் கோயில் மணியோசையும் தேவாலய மணியோசையும் ஒரே காற்றில் வந்து செவியில் விழும் இடம் இது.

1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் இரவு இக்கரையைப் பெருஞ்சூறாவளி தாக்கியது. நான் அப்போது சிறுவன். விடிந்து பார்த்தபோது தென்னந்தோப்புகள் படுத்துக் கிடந்தன; வானம் மிகப் பெரிதாகத் தெரிந்தது. எங்கள் வீட்டுக்கு அடுத்த ஒழுங்கையிலே மெதடிஸ்த திருச்சபையைச் சேர்ந்த ஆசிரியர் ஒருவர் மனைவியோடும் மூன்று பிள்ளைகளோடும் குடியிருந்தார். கணவரை ஊரார் ‘மாஸ்டர்’ என்றும் மனைவியாரை ‘டீச்சர்’ என்றும் அழைப்பர். அவர்கள் வீட்டுக் கூரையில் ஓர் ஓடும் மிஞ்சவில்லை. என் வாப்பா அன்று காலையிலேயே சென்று, நனைந்த பாய்களையும் நனையாத பிள்ளைகளையும் எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தார். ஒரு கிழமை என்று வந்தவர்கள் இரண்டு மாதம் தங்கினார்கள். ஓடு கிடைக்கவில்லை, ஓடு கிடைத்தபோது மேய்வதற்கு ஆள் கிடைக்கவில்லை.

மார்கழி பிறந்தது. “இந்த முறை எங்களுக்கு நத்தார் இல்லைக் காக்கா” என்று மாஸ்டர் ஒருநாள் சொன்னார். வாப்பா நெற்செய்கைக்காரர், அதிகம் பேசமாட்டார். “உங்கட பெருநாள் நம்மட ஊட்டுக்கு வந்திருக்கு மாஸ்டர். வாசலுக்கு வந்ததைத் திருப்பி அனுப்பலாமா?” என்று மட்டும் கேட்டார்.

நத்தார் நடந்தது. நிவாரணமாகக் கிடைத்த மாவிலே உம்மாவும் டீச்சரும் பலகாரம் சுட்டனர். விழுந்து கிடந்த சவுக்கு மரத்திலிருந்து ஒரு கிளையை முறித்துக்கொண்டு வந்து மண்வாளியில் நாட்டினோம். வாப்பா இஷாத் தொழுகைக்குப் பள்ளிவாசல் சென்று மீளும் வரையில் காத்திருந்து, அதன் பின்னரே அவர்கள் விறாந்தையில் அரிக்கன் லாம்பைச் சுற்றியமர்ந்து பாடினார்கள். பாடி முடிந்ததும் மாஸ்டர் மாட்டுத்தொழுவத்திலே குழந்தை பிறந்த கதையைச் சொன்னார். திருக்குர்ஆனின் பத்தொன்பதாவது அத்தியாயம் மர்யம் அம்மையாரின் பெயரையே தாங்கியது என்றும், ஈஸா நபி பிறந்த வேளையில் அவ்வன்னைக்குப் பேரீச்ச மரமே துணை நின்றது என்றும், அதன் அடியை உலுக்கினால் கனி உதிரும் என்று அவருக்கு ஆறுதல் கூறப்பட்டது என்றும் வாப்பா சொன்னார். மாஸ்டரின் குழந்தை தேவகுமாரன். வாப்பாவின் குழந்தை இறைத்தூதர். அந்த வேறுபாட்டை இருவரும் அறிவர், ஒருவரும் மறைக்கவில்லை. மறைத்துக்கொண்டால்தான் ஒரு கூரையின்கீழ் இருக்கலாம் என்ற அச்சம் அவர்களுக்கு இருக்கவில்லை.

அந்த இரவிலேதான் வில்லியம் ஓல்ட் என்ற பெயரை நான் முதன்முதலாகக் கேட்டேன். மாஸ்டர் சொன்னவற்றோடு பிற்காலத்தில் நூல்களிற் படித்தறிந்தவற்றையும் சேர்த்து அக்கதையை இங்கே தருகிறேன்.

ஜோன் வெஸ்லியாரின் துணைவராய் விளங்கியவர் கலாநிதி தோமஸ் கோக். அறுபத்தாறு வயது நிரம்பிய அம்முதியவர் கீழ்த்திசைக்கு வந்து சமயப்பணி புரிய வேண்டுமென்று பேராவல் கொண்டார். இந்தியாவிலே கிழக்கிந்தியக் கம்பெனியார் பாதிரிமாரை எளிதில் அனுமதிப்பதில்லை. இலங்கையோ 1802 முதல் பிரித்தானிய முடியின் நேராட்சியில் இருந்தது. இங்கே நீதியரசராயிருந்த சேர் அலெக்சாந்தர் ஜோன்ஸ்ரனும் பாதிரிமாரின் வருகையை விரும்பினார். ஆகவே இலங்கையே முதற்களமாயிற்று. செலவுக்கு 6,000 பவுண் வரையில் தாமே பொறுப்பேற்பதாகக் கோக் வாக்களித்தார். ஆறு இளைஞர் அவருடன் புறப்பட்டனர். லிஞ்ச், ஸ்குவான்ஸ், எர்ஸ்கின், கிளஃப், ஹார்வட், ஓல்ட் என்பன அவர்தம் பெயர்கள். ஓல்ட் மனைவியுடன் கப்பலேறினார்.

1813ஆம் ஆண்டின் கடைசி நாள்களிலே கப்பல்கள் இங்கிலாந்தின் தென்கரையிலிருந்து பாய் விரித்தன. அவ்வாண்டு நத்தார்தான் ஓல்டும் மனைவியாரும் சேர்ந்திருந்த கடைசி நத்தார். சுயெஸ் கால்வாய் வெட்டப்படாத காலம். ஆபிரிக்காக் கண்டத்தைச் சுற்றியே வரவேண்டும். பெப்ரவரி மாதத்திலே அவ்வம்மையார் நோயுற்றுக் கப்பலிலேயே உயிர் நீத்தார். கடலே அவருக்கு அடக்கத்தலம் ஆயிற்று. மே மாதம் 3ஆம் நாள் காலையிலே கலாநிதி கோக் தமது அறையில் இறந்து கிடக்கக் காணப்பட்டார். அவரையும் இந்து சமுத்திரம் ஏற்றுக்கொண்டது. தலைவரும் இல்லை, செலவுப்பணமோ தலைவர் பெயரில் இருந்தது. பம்பாயிற் கரையேறிய இளைஞர்கள் கையில் ஒன்றுமின்றி நின்றனர். அவர்களை முன்னர் அறியாத வணிகர் ஒருவர் அங்கே நம்பிக் கடன் கொடுத்தார். அந்த நம்பிக்கையே அவர்களை இலங்கைக்குக் கொண்டுவந்து சேர்த்தது.

1814 யூன் மாத இறுதியில் காலித் துறைமுகத்தை அடைந்தவர்கள் தத்தமக்குரிய இடங்களைப் பகிர்ந்துகொண்டனர். லிஞ்சும் ஸ்குவான்சும் யாழ்ப்பாணத்துக்கும், கிளஃப் காலிக்கும், எர்ஸ்கின் மாத்தறைக்கும் உரியராயினர். யாழ்ப்பாணத்துக்கு இருவர் சென்றனர். காலியும் மாத்தறையும் அண்டை ஊர்கள். மட்டக்களப்போ நெடுந்தொலைவு. அங்கே ஓல்ட் தனியராய்ச் சென்றார்; காலியிலிருந்து நாட்டுத் தோணியிலே கடல்வழி வந்து புளியந்தீவிற் கால் வைத்தார். வந்த நாள் முதல் சமயப்பணியோடு கல்விப்பணியையும் கைக்கொண்டு பாடசாலைகளைத் தொடங்கினார்.

அவ்வாண்டு நத்தார் வந்தது. இங்கிலாந்தின் மார்கழி உறைபனி. எங்கள் மார்கழி மாரி. வாடைக்காற்று அடைமழையோடு வீசும், வாவி கரைமீறும், வழிகள் நீருள் மறையும். சென்ற ஆண்டு உடனிருந்த மனைவியார் இல்லை. வழிநடத்திவந்த முதியவர் இல்லை. ஒருங்கு வந்த தோழர் ஒருவரும் அருகில் இல்லை. குடும்பம் என்று அவருக்கு எஞ்சியது, எழுத்துப் படிக்க வந்த பிறர் பிள்ளைகளே. அந்த நத்தாரே இக்கரையில் அவர் கண்ட ஒரே நத்தாராயிற்று. 1815 மார்ச் 26ஆம் நாள் உயிர்த்த ஞாயிறு. அக்கிழமையின் இறுதியில், ஏப்பிரல் 1ஆம் நாள் சனிக்கிழமை, வில்லியம் ஓல்ட் மட்டக்களப்பிலே காலமானார். அவர் இங்கே வாழ்ந்தது ஏறத்தாழ எட்டு மாதம்.

கதையை இவ்வளவில் நிறுத்திய மாஸ்டர் லாம்பின் திரியைச் சற்றுத் தாழ்த்தினார். பின்னர் என்னைப் பார்த்து, “மனே, அந்த மழையில, அந்த நத்தாரில, ஓல்ட் ஐயருக்குச் சோறு காய்ச்சிக் குடுத்த கை ஒண்டு இருந்திருக்கும்தானே? காய்ச்சலில கிடந்தபோது தண்ணி பருக்கின கை ஒண்டு இருந்திருக்கும்தானே? நான் படிச்ச புத்தகங்களில அந்தக் கையின்ர பேர் இல்லை. அந்தக் கை எந்தச் சமயத்தது எண்டும் இல்லை” என்றார். வாப்பா ஒன்றும் சொல்லவில்லை. உம்மா எழுந்து சென்று எல்லாருக்கும் பிளேன்ரீ கொண்டுவந்தார்.

அந்த எட்டு மாதத்தில் விதைத்தது வீண்போகவில்லை. மட்டக்களப்பு மெதடிஸ்த மத்திய கல்லூரி தன் தோற்றத்தை 1814ஆம் ஆண்டிலிருந்தே கணக்கிடுகின்றது. ஓல்டின் சிலை அந்நகரிலே நிற்கின்றது. அவர்தம் சபையாரின் கல்விப்பணி தெற்கே பரவியபோது 1883ஆம் ஆண்டிலே கல்முனையில் எழுந்ததுதான் இன்று உவெஸ்லி உயர்தரப் பாடசாலை எனப்படுவது. 1892ஆம் ஆண்டில் அயலூராகிய காரைதீவிலே பிறந்த மயில்வாகனன் என்னும் சிறுவன் கல்முனை மெதடிஸ்த பாடசாலையிற் கற்று, பின்பு மட்டக்களப்பிலே இயேசு சபைத் துறவிகளின் அர்ச். மிக்கேல் கல்லூரியிற் பயின்றான். அவரே சுவாமி விபுலாநந்தர் ஆகி, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதல் தமிழ்ப் பேராசிரியராக விளங்கி, 1947இல் யாழ்நூலைத் தமிழுக்கு அளித்தவர். கிறிஸ்தவர் ஏற்றிய விளக்கில் எழுத்தறிந்து, இராமகிருஷ்ண சங்கத் துறவியாய் வாழ்ந்து, தமிழர் அனைவர்க்கும் உரியவரானார் அவர்.

இதனைக் கூறும்போது மறுபுறத்தையும் மறைத்தலாகாது. பாதிரிமார் எழுத்தறிவிப்பதற்காக மட்டும் வந்தவரல்லர். எங்களைத் தம் சமயத்திற் சேர்ப்பதும் அவர்தம் நோக்கமாயிருந்தது. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினால் அவன் மதம் மாறி மீள்வானோ என்று இந்துக்களும் முஸ்லிம்களும் அஞ்சிய காலம் உண்டு. அவ்வச்சத்தை வெறும் அறியாமை என்று தள்ளிவிட இயலாது. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் அதற்கு விடையாகச் சைவப் பாடசாலைகளைக் கண்டார். கல்முனையிலே 1949இல் ஸாஹிறாக் கல்லூரி தோன்றியது. வந்தவரிடம் கற்க வேண்டியதைக் கற்று, தமக்குரியதைத் தாமே கட்டி எழுப்பினர் நம்மவர். விருந்தோம்பல் என்பது வீட்டின் திறவுகோலைக் கையளித்துவிடுவதன்று. விருந்தினரும் வீட்டுக்காரரும் தத்தம் நிலையிற் பிறழாது ஒரு பாயில் அமர்வதே அது.

இனி எங்களைப் பற்றி ஒன்று கூறுவேன். நாங்கள் எப்போதும் வீட்டுக்காரராகவே இருந்தவரல்லர். 1626ஆம் ஆண்டிலே போர்த்துக்கேயர் தம் ஆட்சிக்குட்பட்ட கரைகளிலிருந்து முஸ்லிம்களைத் துரத்தினர். போக்கிடமின்றி நின்றவர்களைக் கண்டி அரசன் செனரதன் ஏற்று, அவர்களுள் நாலாயிரம் பேர் வரையில் மட்டக்களப்புப் பகுதியிலே குடியமர்த்தினான் என்பது வரலாறு. பௌத்த அரசன் புகலளித்தான். இந்துக்கள் அயலில் இடம் தந்தனர். அதற்கு முன்னரும் இக்கரையில் முஸ்லிம்கள் இருந்தனர்; முக்குவருக்குப் போரிலே துணைநின்று அவர்களிடையே பெண் கொண்டனர் என்று மட்டக்களப்பு மரபு கூறும். தாய்வழியாக வரும் குடி வகுப்புகள் இந்துக்களிடத்தும் முஸ்லிம்களிடத்தும் ஒருங்கே காணப்படுவது இவ்வுறவுக்குச் சான்று. எப்படி நோக்கினும், எங்கள் முன்னோர் ஒருகாலத்தில் இவ்வூர் வாசலிலே நின்ற விருந்தினரே.

இன்னும் பின்னே சென்றால், மக்கத்துக் கொடியோரின் துன்பம் பொறாத ஆதி முஸ்லிம்கள் கடல் கடந்து அபிசீனியாவிற் புகலடைந்த வரலாறு உண்டு. அந்நாட்டு மன்னன் கிறிஸ்தவன். அகதிகளைப் பிடித்துக் கொடுக்கும்படி மக்கத்தார் தூது விடுத்தபோது, அவன் அவர்களை அழைத்து அவர்தம் வேதத்திலிருந்து ஓதும்படி கேட்டான். ஜஃபர் அவர்கள் ஓதியது மர்யம் அத்தியாயத்தையே. கேட்ட மன்னன் கண்ணீர் வடித்து, அவர்களைக் கையளிக்க மறுத்தான். உமறுப்புலவர் சீறாப்புராணத்திலே அபிசீனியப் பயணத்தைப் பாடியிருப்பதனால் தமிழ் கற்ற முஸ்லிம்கள் எவரும் இதனை அறிவர். நத்தாரின் கதை என்று நாம் கருதும் அந்தப் பிறப்பின் கதையே ஒருமுறை எங்கள் முன்னோரின் உயிரைக் காத்தது.

விருந்தினரும் வீட்டுக்காரரும் ஒரே காலையில் வீடற்றவராகிய நாளையும் நாங்கள் கண்டோம். 2004ஆம் ஆண்டு நத்தாருக்கு மறுநாள், திசெம்பர் 26ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை, கடல் எழுந்து வந்தது. இலங்கையிலே மிகுதியான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மருதமுனையும் பாண்டிருப்பும் கல்முனைக்குடியும் சாய்ந்தமருதும் காரைதீவும் ஒரே அலைக்கு இரையாயின.

அதே காலையில் மட்டக்களப்பின் நாவலடியிலே, கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட மணல்திட்டில் இருந்த சமாரித்தன் சிறுவர் இல்லத்தில் நடந்தது உலகெங்கும் பேசப்பட்டது. அதனை நடத்தியவர் அமெரிக்காவில் வாழ்ந்து தாய்நாடு திரும்பிய ஈழத்துப் போதகர். மனைவியோடும் சிறு மகளோடும் இருபத்தெட்டுப் பிள்ளைகளுக்குத் தந்தையாய் அங்கே வாழ்ந்தார். முதல்நாள் நத்தார் கொண்டாடிய களைப்புத் தீராத பிள்ளைகள். கடல் சுவரென எழுந்து வருவதைக் கண்டதும் அனைவரையும் ஒரு படகில் ஏற்றி வாவியினுள் செலுத்தினார். இல்லம் அழிந்தது, பிள்ளைகளில் ஒருவரும் அழியவில்லை. ஓல்டின் குடும்பம் கடலிலே குறைந்தது. இந்தக் குடும்பம் கடலிலிருந்து குறையாமல் மீண்டது.

அன்று மாலை எங்கள் பகுதியிலே பள்ளிவாசலில் இந்துக்கள் இருந்தனர்; பாடசாலைகளில் எல்லாச் சமயத்தாரும் இருந்தனர். சோற்றுப் பொதியை நீட்டியவர் யார், பெற்றவர் யார் என்று எவரும் பார்க்கவில்லை. மாஸ்டர் முதுமையடைந்திருந்தார். முகாம் ஒன்றிலே பெயர்ப்பட்டியல் எழுதிக்கொண்டிருந்தவர் என்னைக் கண்டதும், “ஓல்ட் ஐயருக்குச் சோறு குடுத்த கையை இண்டைக்குப் பாத்திட்டன் மனே. எல்லாக் கையும் ஒரே மாதிரித்தான் இருக்கு” என்றார். அதன்பின் சில ஆண்டுகளில் அவர் காலமானார்.

அவர் காணாமற் போனதே நன்று என்று நான் எண்ணிய நாளும் வந்தது. 2019 ஏப்பிரல் 21, உயிர்த்த ஞாயிறு. முஸ்லிம் பெயர் தாங்கிய கொலைஞர் தேவாலயங்களிலும் விடுதிகளிலும் குண்டுகளை வெடிக்கச் செய்தனர். மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்திலே, ஞாயிறு வகுப்பு முடிந்து வெளியே வந்த பிள்ளைகள் பலர் மாண்டனர். ஐந்தாம் நாள் இரவு, அக்கூட்டத்தைச் சேர்ந்தோர் எங்கள் சாய்ந்தமருதிலே ஒரு வீட்டில் ஒளிந்திருப்பதை அயலவர் ஐயுற்று அறிவித்தனர். அங்கும் தம் மனைவி மக்களோடு அவர்கள் வெடித்து மடிந்தனர். அக்கொலைஞரின் உடல்களை ஏற்கமாட்டோம் என்று அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா அறிவித்தது. ஆயினும் அறிக்கைகளால் ஆறும் புண்ணா அது? எம்மை அறியாதவர் எம்மைக் கண்டு அஞ்சினர். எம்மை அறிந்தவர் முன்னே செல்ல நாம் அஞ்சினோம். பின்னையதே கொடிது.

1978 முதல் ஒவ்வொரு நத்தாரிலும் டீச்சர் வீட்டுக்கு நாங்கள் செல்வது வழக்கம். ஒவ்வொரு பெருநாளிலும் எங்கள் வீட்டு வட்டிலப்பம் அவர்கள் வீட்டுக்குப் போகும். நத்தார்க் கேக்கிலே மதுச்சாறு சேர்ப்பர். நாங்கள் அதனை உண்பதில்லை. ஆகையால் மதுச்சாறு சேராத கேக் ஒன்றை எங்கள் வீட்டுக்கென்று டீச்சர் வேறாகச் செய்வார். நாற்பது ஆண்டுகளாக அது தவறியதில்லை.

2019ஆம் ஆண்டு நத்தார் புதன்கிழமை வந்தது. காலையில் உடுத்து, வாசல் வரை வந்தேன். கால் எழவில்லை. என் முகத்தைக் கண்டால் அம்மூதாட்டிக்கு அந்தப் பிள்ளைகளின் நினைவு வருமே. பண்டிகை நாளிலே அந்நினைவை நான் சுமந்து செல்லலாமா என்று எனக்கு நானே நியாயம் கூறிக்கொண்டேன். உள்ளே வந்து ஒரு நூலை விரித்துவைத்து, படிப்பவன் போல இருந்தேன். மனைவி ஒன்றும் கேட்கவில்லை. அவளும் அன்று அடுக்களையை விட்டு வெளியே வரவில்லை.

ளுஹர்த் தொழுகை முடிந்து வந்தபோது வாசலில் ஓர் ஓட்டோ நின்றது. பேரனின் தோளைப் பற்றிக்கொண்டு டீச்சர் இறங்கினார். கையிலே அதே பழைய தகரப்பேழை. விறாந்தையிலே, அன்று அரிக்கன் லாம்பு வைத்திருந்த இடத்துக்கு அருகே, மூச்சு வாங்க அமர்ந்தார்.

“வருவாய் எண்டு விடியத் தொட்டுப் பாத்தன் மனே. வரல்ல. அதான் நான் வந்தன்.”

நான் தலை கவிழ்ந்து நின்றேன். அவர் பேழையை என் மனைவியின் கையிற் கொடுத்தார். “இது உங்கட கேக் மகள். வேறயாத்தான் செஞ்சது” என்றார்.

அதற்குமேல் அதைப் பற்றி அவர் ஒரு சொல்லும் பேசவில்லை. எங்கள் பிள்ளைகளின் படிப்பைப் பற்றிக் கேட்டார், வாப்பாவின் பெயரைச் சொல்லி ஒருமுறை பெருமூச்சு விட்டார், பிளேன்ரீ குடித்தார், போய்விட்டார். எங்கள் வீட்டிலே விருந்தினராய் இருந்தவர் அவர். அன்று அவரே வீட்டுக்காரர். என் வீட்டிலேயே நான் ஒதுங்கி நின்ற விருந்தினன்.

பகுதி விகுதி பிரித்த அந்த மாணவன் அன்றிரவு நினைவுக்கு வந்தான். நத்தார் என்றால் விரும்பாதவர், பகைவர் என்று அவன் கூறியபோது வகுப்பிலே நகைத்தோம். அவன் கூறிய பொருள் மெய்யாவதற்கு ஒரு குண்டு மட்டும் போதாது. நல்லவன் ஒருவன் காலையில் உடுத்து, வாசல்வரை வந்து, திரும்பி உள்ளே சென்று நூலை விரித்துக்கொள்ளவும் வேண்டும். ஓல்டுக்குச் சோறு கொடுத்த கைக்குப் பெயர் இல்லாமற் போனது வரலாற்றின் குறை. அந்தக் கையை நீட்டாமல் இருந்துவிட்டால் அது நம் குறை.

இப்போதெல்லாம் நத்தாரன்று ஸுபுஹுத் தொழுகை முடிந்ததும் புறப்பட்டுவிடுகிறேன். மழை பெய்தாலும் காத்திருப்பதில்லை. கதவு திறக்குமுன்னரே உள்ளேயிருந்து குரல் வரும்: “வந்திட்டியா மனே?”